மாட்டுக்காரிக்கு ஒரு பொன்னாடை

முதலில் என்னுடைய வேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்ன பிறகு மற்றவர்களின் வேஷத்தைப் பற்றி எழுதினால் யாரும் என்னோடு கோபிக்க முடியாது.

படகில் வந்து, முகாமில் இருந்து, வேலை செய்ய அனுமதிக்கும் ஒரு தற்காலிக விசாவோடு மெல்பேர்னில் நின்ற காலம். குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்குச் சமையல்காரன் தேவை என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று கூசாமல் பொய் சொன்னேன். முகாமில் பெரிய சட்டிகளைக் கழுவியிருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். மாட்டுப் பண்ணை என்றதும் சின்ன வயதில் பார்த்த ஆங்கிலப் படங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பழைய உடுப்பு விற்கும் கடைக்குப் போய் அகலமான தொப்பி ஒன்றும், முனை கூரான குதி உயர்ந்த சப்பாத்தும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பக்கிள் வைத்த பெல்ட்டும் வாங்கினேன். இரண்டு நாள் பஸ் பயணத்தில் அந்தத் தொப்பியை மடியில் வைத்துக் குழந்தையைப் போலக் காத்துக்கொண்டு போனேன்.

என்னை ஏற்றிப்போக யூட் என்று அங்கே சொல்லும், பின்பெட்டி திறந்த வண்டி ஒன்று வந்தது. ஓட்டிவந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, களிசானின் முழங்கால் கிழிந்திருந்தது. பின்பெட்டியில் ஒரு நாய் இருந்தது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் எனக்கு இப்போது அதெல்லாம் தமிழிலேயே ஞாபகம் இருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நீதான் சமையல்காரனா?" என்று கேட்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அந்தச் சப்பாத்தோடு நாள் முழுக்க அடுப்படியில் நிற்க முடியாது. என் தம்பியின் பழையது ஒன்று கிடக்கிறது, தருகிறேன்" என்றார்.

அவர்தான் அந்தப் பண்ணையில் மாடு மேய்ப்பவர்கள் பதினொரு பேருக்கும் தலைவி. எல்லோரும் அவரைப் பொஸ் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகினேன். மூன்று வருடம் அங்கே இருந்தேன். கௌபோய் என்ற சொல்லை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. தொப்பி வெயிலுக்கு. நீளக்கை சட்டையும் வெயிலுக்கு. வெயில் விழுந்ததும் தொப்பி ஆணிக்குப் போய்விடும். பாதி வேலை மோட்டார் சைக்கிளில் நடந்தது, மீதி வேலை குதிரையில். நான் படத்தில் பார்த்த துரத்தலும் கத்தலும் அங்கே இல்லவே இல்லை. மாட்டை வெருட்டினால் அது ஓடி மெலிந்துபோகும் என்பார் பொஸ். ஆயிரம் மாடுகளுக்குப் பின்னால், கோயில் வீதியில் சுவாமிக்குப் பின்னால் போகிறவர்கள் மாதிரி, அவசரமில்லாமல் போவார்கள். சும்மா பெருமைக்குச் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு திரிந்த ஒருவனை அவர் மறுநாளே பெட்டி கட்ட வைத்தார்.

என் பொய் முதல் நாளே பிடிபட்டது. நான் வைத்த சோறு பசை மாதிரி வந்தது. பொஸ் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நாளைக்குத் தண்ணீரைக் குறை" என்று மட்டும் சொன்னார். மெல்ல மெல்ல நானும் சமையல்காரன் ஆனேன். ஒரு வருடத்துக்குள் அந்தப் பதினொரு பேரும் மிளகாய்த்தூள் இல்லாமல் முட்டை சாப்பிடமாட்டோம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது வருடம் ஊரில் என் அம்மா இறந்துபோனார். அந்த விசாவில் நான் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு மாதம் அவர்களுக்கு இறைச்சி சமைத்துக் கொடுத்தபடி நான் மரக்கறியோடு இருந்தேன். இறந்தவருக்குப் படையல் வைக்கிற முப்பத்தோராம் நாள் மட்டும் என்னால் முடியவில்லை. குசினிக்குள் இறைச்சியை எடுக்காமல் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் அப்பளமும் செய்தேன். கைத்தொலைபேசியில் அம்மாவின் படத்தை எடுத்து உப்புத் தகரப் பேணியில் சாய்த்து வைத்தேன். மாடு மேய்ப்பவர்களுக்கு இறைச்சி இல்லாத சாப்பாடு. என்ன கலகம் வருமோ என்ற பயமும் இருந்தது.

பொஸ் முதலில் வந்து பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். திரும்பி வெளியே போனார். அரை மணி நேரம் ஒருவரையும் காணவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு பன்னிரண்டு பேரும் வந்தார்கள். குளித்திருந்தார்கள். பட்டணத்துக்குப் போகும்போது மட்டும் போடுகிற நல்ல சட்டையைப் போட்டிருந்தார்கள். தொப்பிகளை வாசல் கம்பியில் கொளுவிவிட்டு, ஈரத்தலையைச் சீப்பால் அழுத்தி வாரிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பொஸ்ஸின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். தேத்தண்ணி, நிறையச் சீனி போட்டு, என்றேன். அவரே எழுந்து போய் ஊற்றி வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். மூன்று வருடத்தில் அவர்கள் ஒரு காரியத்துக்காக உடுத்துக்கொண்டு வந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இதற்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாலு பேர் பார்க்கச் சபையில் வைத்து மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துவது. ஒருநாள் அவருக்கு அதைச் செய்தே தீருவேன் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மெல்பேர்னுக்குத் திரும்பினேன். கலியாணம் நடந்தது, மகள் பிறந்தாள், விசாவும் ஒருவழியாக நிரந்தரமானது. ரோவில் என்ற புறநகரில் வீடு. ஓடு விற்கும் கிடங்கு ஒன்றில் வேலை, சனி ஞாயிறு விழாக்களுக்குச் சமையல். மகளுக்கு எட்டு வயதானபோது பொஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு கிழமை மெல்பேர்னில் நிற்பேன் என்று.

அதே சமயத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மதிய விருந்து வந்தது. ஒவ்வொரு வருடமும் அதற்கு ஒரு வேஷம் வைப்பார்கள். அந்த வருட வேஷம் கௌபோய். நம்பினால் நம்புங்கள். சமையல் பொறுப்பு என்னுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர், நல்ல மனிதர், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார்.

"அண்ணை, நான் வேலை செய்த மாட்டுப் பண்ணையின்ர பொஸ் இஞ்ச வந்து நிக்கினம். பிரதம விருந்தினராக் கூப்பிடுவமோ?"

"என்ன தம்பி சொல்லுறீர்? உண்மையான கௌபோயோ?" அவருடைய சந்தோஷம் தொலைபேசிக்கு வெளியே கேட்டது. "விடுவமே! மேளதாளத்தோட வரவேற்பம்!"

பொஸ் ஒரு பெண் என்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. தலைவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிழையில் என் பங்கு இது.

பொன்னாடையைச் சங்கத்திடம் விடவில்லை. தலைவர் வீட்டில் பொன்னாடைகளுக்கென்றே ஒரு சூட்கேஸ் இருப்பது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒருவருக்குப் போர்த்தியது சுற்றிச் சுற்றி இந்த வருடம் அதே மேடைக்கு வரும். போர்த்தியவரே திரும்பப் போர்த்துக்கொண்ட கதையும் உண்டு. அதனால் நானும் மனைவியும் டண்டினோங் கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக வாங்கினோம். அரக்கு நிறம், பொன் கரை. "கொஞ்சம் தடிப்பா எடுங்கோப்பா, குளிருக்கும் உதவும்" என்றாள் மனைவி. அந்த நேரம் எனக்கு அது பொருத்தமில்லாத பேச்சாகப் பட்டது. பொன்னாடையை யார் குளிருக்குப் போர்க்கிறார்கள்?

விருந்து ஞாயிறு மதியம். நான் காலை எட்டு மணிக்கே மண்டபத்துக் குசினியில். பதினொரு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எட்டிப் பார்த்தேன். என்ன காட்சி! மருத்துவர் ஒருவர் சப்பாத்தின் பின்பக்கம், குதிரையைத் தட்டி ஓட்டுகிற குதிமுள்ளைப் பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டு, அது கம்பளத்தில் சிக்கச் சிக்க நடந்தார். கணக்காளர் ஒருவர் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். அது துணி காயப்போடும் நைலோன் கயிறு. அன்ரிமார் சேலைக்கு மேல் கட்டம் போட்ட சட்டை. மல்லிகைப்பூவுக்கு மேல் தொப்பி நிற்காது என்பதால் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். நான் சிரித்தேன்தான். ஆனால் என் பழைய பக்கிளை நினைத்துக்கொண்டு அளவாகத்தான் சிரித்தேன்.

விருந்தின் விசேஷமாக ஓர் எந்திர மாடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காற்றடித்த மெத்தைக்கு நடுவில் மின்சாரத்தில் குலுங்கும் மாடு. யார் அதிக நேரம் விழாமல் இருக்கிறார்கள் என்று போட்டி.

பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்று பொஸ்ஸிடம் சொல்லியிருந்தேன். பதினொன்றரைக்குக் குசினியின் பின்கதவு தட்டப்பட்டது. யூட்டைப் பின்னால் நிறுத்தி, நாயை நிழலில் கட்டிவிட்டு அவர் நின்றிருந்தார். அரைக் களிசான், காலில் ரப்பர் செருப்பு, தங்கையின் பழைய ரீசேர்ட், தோளில் குழந்தை கக்கிய பால் கறை. தொப்பி இல்லை. "கூரைக்குக் கீழேதானே சாப்பாடு, தொப்பி எதற்கு?" என்றார். என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். உரிக்காமல் கிடந்த வெங்காய மூட்டையைக் கண்டதும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் குசினிக்குள் வந்தால் அவர் எப்போதும் செய்கிற வேலைதான் அது.

பன்னிரண்டுக்கு முன்வாசலுக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் இறைச்சிக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். திடீரென்று மண்டபத்தில் நாதஸ்வர இசைத்தட்டு. பிறகு கைதட்டல். மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, சீஃப் கெஸ்ட் ஓல்ரெடி வந்துட்டார். மாலை எல்லாம் போட்டாச்சு."

அகப்பையோடு ஓடினேன். மேடையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கறுப்புத் தொப்பி, தோலில் குஞ்சம் தொங்கும் அரைச்சட்டை, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் ரோசா மாலை, தோளில், காலையில் நான் மேடைத் தட்டில் வைத்துவிட்டு வந்த, என் மனைவி தடிப்பாகத் தெரிந்தெடுத்த அரக்குப் பொன்னாடை. குத்துவிளக்குக்கு ஒரு திரி ஏற்றி முடித்திருந்தார். எந்திர மாட்டை வாடகைக்குக் கொண்டுவந்த ஆள் அவர். தமிழர்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரையும் இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்ற பரவசம் அந்த முகத்தில். தலைவர் மைக்கில் அவருடைய வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

செயலாளரை இழுத்துப் பிடித்தேன். "அண்ணை, இவர் அந்த ஆள் இல்லை. இவர் மாடு கொண்டுவந்தவர்!"

"ஓம், அதுதானே தம்பி! மாட்டோடதான் வந்தவர்!"

"எந்திர மாடு அண்ணை! எந்திர மாடு!"

அவர் முகம் மெல்ல வெளிறியது. தலைவரின் காதில் போய்ச் சொன்னார். தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார். "இப்ப எப்படித் தம்பி கழட்டுறது? மனுசன் என்ன நினைப்பார்? உம்மட ஆள் எங்க? குசினிக்கையோ? ஒரு பொம்பிளையோ! ஆ... அவவுக்குச் சாப்பிட்ட பிறகு ஒரு பூங்கொத்துக் குடுப்பம்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. ஆனாலும் சபை. திரும்பிவந்து பொஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். கதவு இடுக்கால் எட்டிப் பார்த்து, "நல்ல தொப்பிதான்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த ஒரு காரியம். அது வேறு ஒருவர் தோளில் ஏறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டுப் போட்டி. எந்திர மாட்டுக்காரர் தானே முதலில் ஏறிக் காட்டினார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, பொன்னாடை பறக்க, நிமிடக்கணக்கில் விழாமல் இருந்தார். மண்டபமே ஆர்ப்பரித்தது. விஷயம் இதற்குள் காதோடு காதாகப் பரவிவிட்டது. யாரோ ஒருவர் குசினிக்கு வந்து, "உண்மையான ஆளும் ஏறட்டுமே, பாப்பம்!" என்று பொஸ்ஸைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கூப்பிட்ட மரியாதைக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஏறினார். மாடு குலுங்கியது. எண்ணி மூன்று விநாடி. பொத்தென்று மெத்தையில்.

சிரிப்பு. அவரும் படுத்தபடி சிரித்தார். "மாட்டுக்கு மேலே ஏறி உட்காருவது எங்கள் வேலை இல்லையே" என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் குதிமுள் மருத்துவர் மட்டும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இதுதானோ தம்பின்ர கௌபோய்? அப்ப பொன்னாடை சரியான ஆளுக்குத்தான் போயிருக்கு!"

அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்கு இருமல் என்றால் வீடு தேடி வந்து பார்ப்பவர். ஆனால் அந்த நேரம் எனக்கு ஆளும் தெரியவில்லை, சபையும் தெரியவில்லை. பதினைந்து வருடமாக இந்த நாட்டில் நான் ஒருமுறையும் மைக்கைத் தொட்டதில்லை. அன்றைக்குப் போய்த் தொட்டேன். கையில் கறி மணத்தது.

என்ன பேசினேன் என்று ஒழுங்காக ஞாபகம் இல்லை. முப்பத்தோராம் நாளைச் சொன்னேன். பூசணிக்காய்க் கறியைச் சொன்னேன். ஈரத்தலையோடு வந்து வரிசையாக உட்கார்ந்ததையும், உப்புப் பேணியையும், தேத்தண்ணியையும் சொன்னேன். "அந்தப் பொன்னாடை வீரத்துக்கு வாங்கினது இல்லை" என்றும் சொன்னேன். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவந்துவிட்டேன். பொஸ் எனக்கு முன்பே திரும்பிவந்து வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நான் பேசியது தமிழ், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முன்னால் எந்திர மாட்டுக்காரர், பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் பாதி மண்டபம். மாட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். என் மகள்தான் அவருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். பொன்னாடையை ஒழுங்காக மடித்து இரண்டு கையாலும் பொஸ்ஸிடம் நீட்டினார். "மன்னியுங்கள். நான் நகரத்துக்கு நடுவில் அடுக்குமாடியில் இருக்கிறவன். உயிருள்ள மாட்டை இன்னும் தொட்டதில்லை. இந்த உடுப்பைக் கம்பனிதான் கொடுத்தது" என்றார். காது சிவந்துபோயிருந்தது. பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு போன என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பொஸ் அன்றைக்கு என்னைப் பார்த்தது போலவே அவரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. "மாட்டின் மேல் நன்றாக உட்காருகிறீர்கள். அது என்னால் முடியாது" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இது எதற்கு?"

"அந்த நாளுக்கு. என் அம்மாவுக்குத் தேத்தண்ணி வைத்த நாளுக்கு" என்றேன்.

பொஸ் கையில் இருந்த வெங்காயத் தோலைக் குப்பையில் போட்டார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், தலையையும் தண்ணீரால் நனைத்தார். என் மனைவியிடம் கேட்டார்: "சீப்பு இருக்கிறதா?"

மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பொஸ் கண்ணாடி மாதிரி மினுங்கிய ஒரு குசினிச் சட்டியில் முகம் பார்த்துத் தலையை அழுத்தி வாரினார். ரீசேர்ட்டின் பால் கறையை ஈரக்கையால் துடைத்தார். கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் என் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் பொன்னாடையை மாட்டுக்காரரிடமிருந்து வாங்கிப் போர்த்தப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, "நீர் போடும் தம்பி" என்று என்னிடம் தந்தார். போர்த்தினேன். நான் அழுதேன் என்பதை மகள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுகிறாள். சொல்லட்டும்.

மருத்துவர் குதிமுள்ளைக் கழற்றிவிட்டு வந்து பாத்திரம் கழுவ உதவி செய்தார். எந்திர மாட்டுக்காரர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். மாலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டோம், அவருக்கும் ஒரு ஞாபகம் வேண்டாமா?

பொஸ் திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்து, இங்கே குளிர்காலமான ஆடி மாதத்தில், ஒரு படம் அனுப்பினார். தாயில்லாத ஒரு கன்று, பிறந்து ஓரிரு நாள்தான் இருக்கும். குசினி அடுப்புக்குப் பக்கத்தில், நான் மூன்று வருடம் நின்ற அதே இடத்தில், கால்களை மடித்துப் படுத்திருந்தது. கழுத்து வரை அரக்குப் பொன்னாடை. பொன் கரையில் பாலும் சேறும். தலைவரின் சூட்கேசுக்கு அது இனி ஒருநாளும் திரும்பி வராது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: இரவு தாண்டாது என்று நினைத்தோம், தாண்டிவிட்டது.

மனைவிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தாள்.

"நான் சொன்னனான்தானே, தடிப்பா எடுங்கோ எண்டு" என்றாள்.